வேர்க்காத கை

தீக்காய வார்டில் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு. கத்துகிறவரைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். சும்மா படுத்திருக்கிறவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். கத்துகிறவருக்குத் தோலின் மேல்பாகம் வெந்திருக்கும். நரம்பு உயிரோடு இருக்கிறது, கத்துகிறார். நெருப்பு ஆழமாக இறங்கி நரம்பையும் தின்றுவிட்ட இடத்தில் வலி இருக்காது. "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், அவரைப் போய்ப் பாருங்க" என்று ஒரு ஆள் தெளிவாகப் பேசினால் எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். பெரும்பாலும் அந்த ஆள்தான் மறுநாள் இருக்கமாட்டார்.

சிவகாசியில் அது ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. இரண்டாயிரங்களின் தொடக்கம். வெயில் காலத்திலும் தீபாவளி சீசனிலும் எங்களுக்குப் படுக்கை பத்தாது. இவ்வளவு தெரிந்த நான், என் வீட்டில் ஒரு பிள்ளை அழாமல் கிடந்தபோது என்ன செய்தேன் தெரியுமா? தங்கமான பிள்ளை, அம்மாவைத் தூங்க விடுது என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். எனக்கு வாய் மட்டும் காதுவரைக்கும் நீளும். புத்தியைக் கேட்காதீர்கள்.

என்னைக் கட்டிக்கொண்டவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. தாய்மாமன். எங்கள் பக்கம் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. முறை மாப்பிள்ளை இருக்கும்போது வெளியே கொடுத்தால்தான் ஏன், என்ன குறை என்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன்னாலும் அவரை மாமா என்றேன், பின்னாலும் மாமா என்றேன். அவர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன்.

அவரைப் போல ஜாக்கிரதையான மனிதரை நான் பார்த்ததில்லை. மருந்து கலக்கும் அறைக்கு ஆள் அனுப்புவது அவர் பொறுப்பு. அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள்ளேயே சூடேறும். அதற்குமேல் என்ன ஆகும் என்பது எங்கள் வார்டுக்குத் தெரியும். ஒரு சொட்டு வேர்வை போதும் என்பார் அவர். அதனால் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், கலவை ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் ஒரு நீலத்தாளில் உள்ளங்கையை அழுத்தச் சொல்வார். தாளில் ஈரத்தடம் விழுந்தால் அன்றைக்கு அந்த ஆளுக்கு மருந்து ரூம் கிடையாது. போய்க் காகிதக் குழாய் சுருட்ட வேண்டியதுதான். வேறு கம்பெனியில் இப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. இது அவராக வைத்துக்கொண்ட சட்டம். "போர்மேன் கைரேகை பாக்காரு" என்று சிரிப்பார்கள். சிரித்தார்களே தவிர, அவர் கையின் கீழ் வேலை பார்த்த ஆள் ஒருவர்கூட எங்கள் வார்டுக்கு வந்ததில்லை.

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். பசிக்கு மட்டும் அழுவாள், வேறெதற்கும் அழமாட்டாள். தடுப்பூசி போட்டபோது ஊசி ஏறியதே தெரியாமல் என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கீழ்ப்பல் இரண்டு முளைத்ததும் நாக்குக்கு அடியில் ஒரு புண் வந்தது, விரல் நுனிகளில் கடித்த காயம். பல் முளைக்கிற பிள்ளை கடிக்கத்தானே செய்யும் என்று மருந்து தடவிவிட்டேன். அடிக்கடி காய்ச்சல் வரும், போகும். ஒன்பதாம் மாதம், சித்திரையில் வந்த காய்ச்சல் போகவில்லை.

எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் வேர்க்க வேண்டும். வேர்த்துவிட்டால் பிழைத்தது, வேர்க்கும்வரை போர்த்தி வைக்க வேண்டும். தண்ணீர் படவே கூடாது, பட்டால் ஜன்னி. ஆஸ்பத்திரியில் நான் ஈரத்துணியால் துடைத்த உடம்புகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அது யூனிபார்ம் போட்டுக்கொண்டு செய்கிற வேலை. வீட்டில், சொந்தப் பிள்ளைக்கு, நான் துணியை நனைத்தபோது பக்கத்து வீட்டு மதினி, "காய்ச்சக்காரப் பிள்ளைக்கு ஈரத்துணியா? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள். என் படிப்பு அப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. சன்னலைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். என் கையாலேயே கம்பளியை எடுத்து அவளைச் சுற்றினேன். அவர் மடியில் வாங்கி, காற்றுப் புகாமல் ஓரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேர்த்துருச்சா மாமா?"

"இன்னும் இல்ல பிள்ள."

பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை எங்கள் வீட்டில் பேசிய பேச்சு இவ்வளவுதான். நாலு மணிக்கு மேல் கை கால் இழுத்து வெட்டு வந்தது. ஐந்தரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜன்னி கண்டு செத்துப்போச்சு என்றது ஊர். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கம்பளியைத் துவைக்க அவர் விடவில்லை. மடித்து, ஒரு பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்தார். அதில் பிள்ளையின் வாசம் இருக்கிறது என்றார். வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஏணி போட்டு ஏறி அதை எடுத்துப் பார்ப்பார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

இரண்டு வருடம் கழித்துப் பையன் பிறந்தான். இவனும் அழவில்லை. நான் சொன்னேனே, தங்கமான பிள்ளை!

ஒரு வயதில் காது குத்தினோம். என் அண்ணன் மடியில் உட்கார்ந்து அவன் வெல்லக்கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். காது குத்த வந்த ஆசாரி கம்பியை ஏற்றினார். எல்லோரும் அழுகைக்குத் தயாராக ஒரு வாழைப்பழத்தையும் கிலுக்கையும் வைத்துக்கொண்டு நின்றார்கள். பையன் வெல்லத்தை விடவில்லை. அடுத்த காதிலும் ஏற்றினார். அப்போதும் வெல்லம்தான். "சிங்கக்குட்டிலே இது!" என்று என் அண்ணன் தூக்கிப் போட்டுப் பிடித்தான். பெண்கள் குலவையிட்டார்கள். ஆசாரி மட்டும் சிரிக்கவில்லை. கம்பியைத் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, நீங்க நர்ஸுதான? பிள்ளைக்கு உணர்ச்சி இருக்கான்னு பாத்தீகளா?" என்று கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "நல்ல நாளும் அதுவுமா உங்க வாயில நல்ல வார்த்தையே வராதாக்கும்?" என்று எல்லோர் முன்னாலும் அவரைக் கிழித்துவிட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். இப்போது அவர் உயிரோடு இல்லை. இருந்தால் காலில் விழுவேன்.

பையனுக்கு இரண்டரை வயதானபோது ஒரு மே மாத மத்தியானம். கரண்ட் இல்லை. என் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த நீலத்தாளில் பையனின் கையை வைத்து அழுத்தி விளையாட்டுக் காட்டினார். எடுத்தார். திரும்பவும் அழுத்தினார்.

"ஏ பிள்ள, இங்கன வந்து பாரேன்! ஒரு பொட்டு ஈரம் இல்ல. மருந்து ரூமுக்குன்னே பொறந்த கைல்லா இது!"

அவருக்கு அம்புட்டுப் பெருமை. நான் கிட்டே போனேன். பையனின் நெற்றியைத் தொட்டேன். கழுத்து, அக்குள், முதுகு. எல்லாம் காய்ந்த ஓடு மாதிரி சுட்டது. எங்கும் ஈரம் இல்லை. இவன் வேர்த்து நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். பார்த்ததே இல்லை. ஆசாரி கேட்ட கேள்வி அப்போதுதான் என் காதில் விழுந்தது. மாமாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, பையிலிருந்து புது ஊசி ஒன்றைப் பிரித்து, பையனின் சுண்டுவிரல் நுனியில் குத்தினேன். ரத்தம் முத்தாக வந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்து, அடுத்த விரலை நீட்டினான்.

என் வார்டில் எந்த உடம்பைக் கண்டு பயப்பட வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தேனோ, அந்த உடம்பை இரண்டரை வருடமாக மடியில் வைத்திருந்திருக்கிறேன்.

மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் பையனின் முதுகில் அயோடின் தடவி, அதன்மேல் வெள்ளை மாவு தூவி, விளக்குச் சூட்டில் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க என் கையிலும் அதேபோல் தடவினார். வேர்வை பட்டால் அந்த மாவு கறுநீலமாக மாறும். பத்து நிமிடத்தில் என் கை மை கொட்டியதுபோல் ஆகிவிட்டது. பையனின் முதுகு வெள்ளையாகவே இருந்தது. நீலத்தாளில் மாமா செய்துவந்ததைத்தான் டாக்டரும் செய்தார். ஆனால் டாக்டர் முகத்தில் பெருமை இல்லை.

பையன் அறைக்குள் நிற்காமல் மாடிப்படிக்கு ஓடினான். மாமா பின்னாலேயே ஓடினார். அறையில் நானும் டாக்டரும் மட்டும்.

"சிஸ்டர், உங்களுக்குச் சொன்னாப் புரியும்," என்று ஆரம்பித்தார். "தோல்ல ஒரு புரதம் சுரக்கும். நரம்பு வளர்ச்சிக் காரணின்னு பேரு. வயித்துல பிள்ளை வளரும்போது நரம்பெல்லாம் முளைவிட்டுத் தோலை நோக்கி வரும். வர்ற நரம்பு அந்தப் புரதத்தைக் கைநீட்டி வாங்குனாத்தான் பிழைக்கும். வாங்குறதுக்கு நரம்பு மேல ஒரு ஏற்பி இருக்கு, ரிசப்டார். உங்க பையனுக்கு அந்த ரிசப்டார் வேலை செய்யல. புரதம் இருக்கு, வாங்க ஆளில்ல. அதனால அந்த நரம்புக பிறக்கிறதுக்கு முன்னாலேயே செத்துப்போச்சு."

"எல்லா நரம்புமா?"

"இல்ல. வலி, சூடு, குளிர் சொல்ற மெல்லிசு நரம்புக. அப்புறம் வேர்வைச் சுரப்பிக்குப் போற நரம்பு. இவ்வளவுதான் அந்த ரிசப்டாரை நம்பி இருக்கு. தொடுறது தெரியும். நீங்க தலையைத் தடவிக்கொடுத்தா அவனுக்குத் தெரியும்."

அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பிழைத்துக்கொண்ட நரம்புள்ளவர்களுக்கும் அந்த ஏற்பி சும்மா இருப்பதில்லையாம். காயம் பட்ட இடத்தில் அந்தப் புரதம் பெருகும். ஏற்பி அதை வாங்கி நரம்பை உசுப்பிவிடும். அதனால்தான் அடிபட்ட இடம் மறுநாள் தொட்டாலே வலிக்கிறது. தொடாதே, அசைக்காதே, ஆறட்டும் என்று உடம்பு சொல்வது அப்படித்தானாம். மூட்டுவலியில், புற்றுநோயில் அதே ஏற்பி ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். அதை அடைத்துவிட்டால் வலி குறையுமா என்று வெளிநாட்டில் மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். உலகம் காசு கொட்டி அடைக்கப் பார்க்கிற வாசல், என் வீட்டில் இலவசமாக அடைந்து கிடக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?"

"தாய்மாமன்."

அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அந்தத் தலையாட்டலுக்கு அவரை ஒரு அறை விட்டால் என்ன என்று இருந்தது. ஒரே பழுது எங்கள் இரண்டு பேரிடமும் மறைவாக இருந்திருக்கிறது. இரண்டும் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர நாலில் ஒரு வாய்ப்பு என்றார். ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார். பல மாதம் கழித்து வந்த தாளிலும் அதையேதான் போட்டிருந்தது.

"இவன்தான் முதல் குழந்தையா?"

"முதல்ல ஒரு பொண்ணு. ஒன்பது மாசத்துல, காய்ச்சல்ல..."

பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "அழுவாளா? வேர்க்குமா?"

நாக்குக்கு அடியில் இருந்த புண். தாலிக்கயிற்றைப் பிடித்திழுத்த கை. வேர்த்துருச்சா மாமா, இன்னும் இல்ல பிள்ள. வேர்க்கவே முடியாத பிள்ளையை வேர்க்கட்டும் என்று நாலு மணி நேரம் கம்பளிக்குள் வைத்திருக்கிறோம். சுற்றியது இந்தக் கை. எழுந்து வெளியே வந்தேன். மாடிப்படியில் அவர் பையனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் அவரிடம் பாதியைச் சொன்னேன். பையனுக்கு வலி தெரியாது, வேர்க்காது, அது நரம்பில் உள்ள குறை, வெயிலில் விடக்கூடாது, உடம்பு சூடேறும்போதெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெண் எதனால் செத்தாள் என்ற மீதிப் பாதியைச் சொல்லவில்லை. பரணில் இருக்கிற கம்பளியை எடுத்து முகத்தில் வைத்துப் பார்க்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வேன்? கோழை நான். வாயாடிக் கோழை. அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாவம்லே நீ" என்று பையனின் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு அவன் கையை ஒருநாளும் நீலத்தாளில் வைக்கவில்லை. ஆனால் அவர் முன்பு அடித்த பெருமை கம்பெனி முழுக்கப் பரவியிருந்தது. "அண்ணே, பதினெட்டு முடிஞ்சதும் அந்தக் கைய நம்ம ரூமுக்கு அனுப்பிருங்க" என்று கேலி பேசுவார்கள். இவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

அதன்பின் எங்கள் வீட்டில் சாயங்காலம் என்றால் சோதனைதான். பையனின் சட்டையைக் கழற்றி, தலை முதல் உள்ளங்கால்வரை திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கண்ணில் தூசி, வாயில் கடி, விரலிடுக்கில் முள். ஒருநாள் உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தது. மதியம் தகரக்கூரை மேல் நின்று ஆடு பார்த்தேன் என்றான். இன்னொருநாள் கணுக்கால் வீங்கியிருந்தது. எலும்பு விரிசல் விட்டு எத்தனை நாள் ஓடினானோ தெரியாது. வலியைச் சொல்லிக்கொடுக்க முடியாது, அதனால் ரத்தத்தைச் சொல்லிக்கொடுத்தேன். சிவப்பாக எதைப் பார்த்தாலும் அம்மாவிடம் ஓடிவர வேண்டும். யாராவது அழுதால் அவர்கள் உடம்பில் எங்கேயோ ரத்தம் இருக்கிறது. அப்படித்தான் அவன் புரிந்துகொண்டான். தெருவில் எந்தப் பிள்ளை அழுதாலும் போய் அதன் கையையும் காலையும் திருப்பிப் பார்ப்பான். "எங்கன ரத்தம் வருது?" என்று கேட்பான். சளி பிடித்து அழுத பிள்ளையைக்கூட விடமாட்டான்.

வெயில் காலத்தில் அவன் பனியனை நனைத்து நனைத்துப் போட்டுவிடுவோம். நான் வேலைக்குப் போயிருக்கும்போது மதினி செய்வாள், லீவு நாளில் அவர் செய்வார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. மூன்று கோடை அப்படிப் போனது. ஒவ்வொரு வைகாசி முடியும்போதும், அப்பாடா, இந்த வருசம் தப்பிச்சோம் என்று நான் மூச்சு விடுவேன்.

அவனுக்கு ஐந்தரை வயது. மே மாதம். முந்தின நாள் ஒரு விபத்தில் வெந்தவர்களைக் கொண்டுவந்திருந்தார்கள், எனக்கு இரண்டாவது டியூட்டியும் போட்டுவிட்டார்கள். பக்கத்துக் கம்பெனி விபத்து என்பதால் அவர் கம்பெனிக்கும் லீவு. அவர் வீட்டில் இருக்கிறார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். மதியம் பன்னிரண்டரை இருக்கும், வார்டு போன் அடித்தது. ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போனிலிருந்து மதினி.

"ஒண்ணும் பதறாத. தம்பிக்குக் காலைல இருந்து மேலுக்குச் சுகமில்ல, நல்லாச் சுடுது. ஒன் வீட்டுக்காரரு வீட்டுலதான் இருக்காரு. நல்லாப் போத்திப் படுக்க வச்சிருக்காரு. இந்நேரம் வேர்த்திருக்கும்."

"மதினி, ஓடுங்க! போர்வைய எடுக்கச் சொல்லுங்க, தண்ணி..." அதற்குள் காசு தீர்ந்து போன் செத்துவிட்டது.

கையில் கட்டுத்துணி இருந்தது. அதை அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம். அட்டைப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு தாயில்பட்டிப் பக்கம் போகிற வேன் ஒன்றை நடுரோட்டில் நின்று மறித்தேன். "சாகணும்னா வேற வண்டி பாரும்மா!" என்று டிரைவர் கத்தினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏறுங்க தாயி" என்றார். ஏறினேன். ரோட்டில் கானல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கருவேலமரம், தூரத்தூரத்தில் கம்பெனிகளின் வெள்ளைச் சின்ன அறைகள். போர்த்தியது எத்தனை மணிக்கு என்று மதினியிடம் கேட்காமல் போனேனே என்று அடித்துக்கொண்டேன். பத்து மணிக்கா? எட்டு மணிக்கா? அவளை நாலு மணி நேரம் வைத்திருந்தோம்.

வீட்டுச் சன்னல் சாத்தியிருந்தது. கதவைத் தள்ளினேன். ஃபேன் ஓடவில்லை. அவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் கம்பளி. பரணில் இருந்த அதே கம்பளி. அதை எடுக்கச் சொல்லி மதினி வாசலில் நின்று கத்தியது அவர் காதில் ஏறவில்லை. ஓரங்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"சத்தம் போடாத பிள்ள, தூங்குதான்," என்றார். "இது அவன் அக்கா கம்பளி. அவளே அவனைக் காப்பாத்திருவா."

இழுத்தேன். விடவில்லை. அவர் கையைக் கடித்தேன் என்று பின்னால் மதினி சொன்னாள், எனக்கு நினைவில்லை. கம்பளி வந்தது. பையன் சிவந்து, கண் செருகிக் கிடந்தான். தொட்டால் கை சுட்டது. தண்ணீர்க்குடத்தைத் தூக்கினேன். அவர் குறுக்கே விழுந்து என் காலைப் பிடித்தார்.

"வேண்டாம் பிள்ள, ஜன்னி வந்துரும்! வெயில் சூட்டுக்குத்தான் தண்ணி. இது காய்ச்சலு! அவளுக்கு வந்த மாதிரியே வந்துரும்!"

"அவளுக்கு ஜன்னி எங்க மாமா வந்துச்சு? அவளுக்கும் வேர்க்காது! இதே கம்பளியில சுத்தி நாமதான் கொன்னோம்! நீங்களும் நானும்!"

அவர் பிடி விட்டது. குடத்தை அப்படியே பையன் மேல் கவிழ்த்தேன். மதினி அடுத்த குடத்தைக் கொண்டுவந்தாள். மூன்றாவது குடத்தில் பையனுக்கு வெட்டு வந்தது. கை கால் இழுத்து, பல் கிட்டிப்போனது. அவர் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒருக்களித்துப் போட்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன். தெர்மாமீட்டரில் பாதரசம் நூற்றாறுக்கு மேல் நின்றது. அப்புறம் நூற்றைந்து. அந்த லோடு வேன்காரர் போகாமல் வாசலில் நின்றிருந்தார், அந்தப் புண்ணியவான். அட்டைப்பெட்டிகளைத் தெருவில் இறக்கிவிட்டு எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழிநெடுக ஈரத்துணியை மாற்றிக்கொண்டே போனேன்.

பிழைத்துக்கொண்டான். டிரிப்ஸ் ஏறி, ஐஸ் வைத்து, மறுநாள் காலை கண் விழித்து என்னைத் தெரிந்துகொண்டான். சாயங்காலம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டான். வெட்டில் நாக்கைக் கடித்திருந்தான். ரொட்டியில் ரத்தம் பட்டதும் சரியாக என்னிடம் நீட்டிக் காட்டினான்.

அவர் முந்தின நாள் மதியத்திலிருந்து பையனை விட்டு நகரவில்லை. கட்டில் கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. மூன்று வருடமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தவள் நான். அவரிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்தக் கம்பளி பரணிலிருந்து இறங்கியிருக்காது. ஊருக்கெல்லாம் வாய் பேசுகிறவள், பேச வேண்டிய இடத்தில் சும்மா கிடந்தேன். இதை அவரிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். மடியில் கிடந்த துண்டை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏ பிள்ள. அவளை மூடி வச்சிருந்தோம்ல. நாலு மணி நேரம். அப்ப அவளுக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சிருக்குமா?"

தீக்காய வார்டில் எத்தனையோ அப்பன் ஆத்தா இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இல்ல மாமா. அவளுக்குச் சூடும் தெரியாது, வலியும் தெரியாது. உங்க மடியில இருக்கோம்னு மட்டும் தெரிஞ்சிருக்கும்."

"நெசமாவா?"

"நெசமா."

அப்போதுதான் அவர் அழுதார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். பையன் ரொட்டியைக் கீழே வைத்தான். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸோடு கட்டில் ஓரம்வரை நகர்ந்து வந்து, அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு இடது கையைப் பார்த்தான். வேட்டியை விலக்கி முழங்காலைப் பார்த்தான்.

"எங்கனப்பா ரத்தம் வருது?" என்று கேட்டான். "காட்டுங்க, அம்மா மருந்து போட்டுருவா."